செயலாளருக்கு வந்த உடம்புச் சூடு

குளியலறைக்குள்ளிருந்து முதலில் குழாய் திறக்கும் சத்தம் வந்தது. காலி வாளியில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. அந்தத் தடதடப்புக்கு அடியில், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் விடும் "ஸ்ஸ்ஸ்… அம்மா…" மெல்லக் கேட்டது.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். மூன்று நாளாக இதே கச்சேரி.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல! கால் விரல இடிச்சுக்கிட்டேன்!"

நேற்றும் கால் விரல்தான். முந்தாநாள் முழங்கை. ஒருவர் உள்ளே நின்றால் வாளியை வெளியே வைக்க வேண்டிய அந்தக் குளியலறையில், இத்தனை தடவை இடித்துக்கொள்ள எங்கே வசதி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்த்து, துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு அவளுடைய கணவர் வெளியே வந்தார். கையில் பிழிந்த உள்ளாடை. அவரே துவைத்தது! கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர், மூன்று நாளாகத் தன் உள்ளாடையைத் தானே சோப்புப் போட்டுத் துவைத்து, யார் கண்ணிலும் படாதபடி கொடியின் கடைசியில் துண்டுக்கு அடியில் காயப்போடுகிறார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் கண்ணேறு கழித்திருப்பாள்.

"நான் துவைக்க மாட்டேனா?"

"பாவம், நீயும் வேலைக்குப் போற. சேர்ந்து குடும்பம் நடத்துறதுன்னா இதுதானே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்புச் சூடு வேற. வெளியூர் தண்ணி ஒத்துக்கல. கொஞ்சம் பார்லி காய்ச்சிக் கொடு" என்றார்.

உடம்புச் சூடு! உலகத்தில் எந்த மருத்துவரும் கண்டுபிடிக்காத, எந்த ஆண்பிள்ளையும் படாமல் தப்பாத நோய். பல் வலித்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, கோபம் வந்தால் சூடு. நம் ஊர் ஆண்களின் பாவங்கள் அத்தனையையும் சுமந்துகொண்டு வாய் திறக்காமல் நிற்கும் தியாகி அது ஒன்றுதான்.

அவர் சாதாரண ஆள் இல்லை. தொழில், லிஃப்ட் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவர். அதற்கும் மேலே, நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு கொண்ட அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கட்டடத்தில் எல்லோரும் அவரைச் 'செயலாளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகை அவருடைய மனசாட்சியின் கிளை அலுவலகம். 'மாலை ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடியில் இளைஞர்கள் கூடக் கூடாது. படிக்கட்டில் ஆணும் பெண்ணும் நின்று பேசக் கூடாது. ஒழுக்கமே குடியிருப்பின் அஸ்திவாரம். இப்படிக்கு, செயலாளர்.' மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி தன் சொந்தத் தம்பியோடு படிக்கட்டில் நின்று சிரித்ததற்காக அவளுடைய அப்பாவை அழைத்துப் பேசிய புண்ணியவான் அவர்.

அந்தப் புண்ணியவான் பதினெட்டு நாள் வெளியூர் ஓட்டல் ஒன்றில் லிஃப்ட் பொருத்தப் போயிருந்தார். திரும்பி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வந்த அன்று மனைவியிடம் காட்டிய பிரியம் என்ன, பேசிய பேச்சு என்ன! நான்காம் நாள் 'சூடு' ஆரம்பித்தது.

அவள் பார்லி காய்ச்சினாள்.

காய்ச்சிக்கொண்டே, அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரை ஒரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது. கணக்குப் பார்த்தால், அவர் வெளியூர் கிளம்புவதற்கு முந்திய நாட்கள். ஒன்பது வருடத்தில் இப்படித் தள்ளிப் போவதும், அவள் வாய் கொள்ளாத சிரிப்போடு சொல்வதும், மறுநாளே அது பொய்த்துப் போவதும் மூன்று தடவை நடந்துவிட்டது. நான்காவது தடவை அவள் யாரிடமும் சொல்வதாக இல்லை. காலண்டரிடம்கூட.

யாரிடமும் என்றால், முக்கியமாக நாத்தனாரிடம். செயலாளரின் அக்கா. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" இல்லையென்று தலையாட்டியதும் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் ஒரு வீட்டுத் துணியை உலர்த்திவிடலாம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருக்கும் தம்பி மனைவியைத் தலை முதல் கால் வரை பார்த்து, "என் தம்பிக்கு ஒரு குறையும் இல்ல" என்பாள். கிளம்பும்போது வாசல் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டுப் போவாள். கதவைச் சாத்துவது வீட்டுக்கு வந்தவளின் வேலையாம். ஒன்பது வருடம், நூற்றுச் சொச்சம் ஞாயிறு. அத்தனை தடவையும் அவளே கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்று அழுதிருக்கிறாள்.

வீட்டில் தலையாட்டுகிறவள், வேலையிடத்தில் வேறு ஆள். மருந்துக் கம்பெனியில், மாத்திரை அட்டை சரிபார்க்கும் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறாள். தலையில் தொப்பி, வாயில் முகமூடி, கையில் உறை. எதிரே ஓடும் பட்டையில் அட்டைகள் வரிசையாக வரும். பத்துக் குழியில் ஒரு குழி காலியா, ஒரு மாத்திரை விளிம்பு உடைந்திருக்கிறதா, நிறம் அரை மாற்று குறைகிறதா, கண் சிமிட்டும் நேரத்துக்குள் கண்டுபிடித்து எடுத்துவிட வேண்டும். அவள் கையில் அகப்படாமல் ஒரு கீறல் தப்பியதில்லை. அங்கே அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். இப்படிப்பட்டவளிடம்தான் செயலாளர் ஒரு காரியம் செய்தார். கொல்லன் வீட்டுக்கே போய் ஊசிக்குப் பதில் ஆணியை விற்கப் பார்க்கிறவனுக்குக்கூட அந்தத் துணிச்சல் வராது.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை காலை. அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று நாளாகக் குளியலறையில் கச்சேரி இல்லை. சூடு தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவளும் நினைத்திருந்தாள். செயலாளர் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் மறு கையில் ஒரு சிறிய புட்டியுமாக வந்து நின்றார். புட்டியின் மேல் சத்து மாத்திரை என்று ஒட்டியிருந்தது.

"உனக்குத்தான். ரொம்ப வாடிப் போயிட்ட. என் கண்ணால பார்க்க முடியல" என்றார்.

ஒன்பது வருடத்தில் இந்த மனிதர் அவள் வாடியதையோ மலர்ந்ததையோ பார்த்ததாகச் சொன்னது இல்லை. ஐயோ, இந்த மனுஷனையா நான் கல் நெஞ்சு என்று நினைத்தேன்! சொல்லிவிடலாமா, பன்னிரண்டு நாள் இப்போது பதினைந்தாகிவிட்டது என்று இவர் காதில் மட்டும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நிறையத் தண்ணி குடிக்கணும். முழுங்கின உடனே படுக்கக் கூடாது. நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார் அவர், பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி.

நாக்கு நுனி வரை வந்தது அங்கேயே நின்றது. சத்து மாத்திரைக்கு ஏன் இத்தனை சட்டம்? அவர் புட்டியைச் சாய்த்து, அவள் உள்ளங்கையில் ஒன்றைப் போட்டார்.

பாதி பச்சை, பாதி மஞ்சள். நீளக் குளிகை. பச்சைப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அச்சு.

பூதக்கண்ணாடிக்குக் கண் இருட்டவில்லை. நன்றாகவே தெரிந்தது. இரண்டு வருடம் அவளுடைய பட்டையில் ஓடிய சரக்கு. டாக்ஸிசைக்ளின். கிருமியைக் கொல்லும் மருந்து. இந்தக் குளிகையே அவள் கண்ணுக்கு முன்னால் தேறிப் போனதாகக்கூட இருக்கலாம். தன் கையால் தேற்றி அனுப்பியது, ஊரைச் சுற்றி, பெயரை மாற்றிக்கொண்டு, புருஷன் கையால் தன்னிடமே வந்து நிற்கிறது!

அவள் கையை வாய்க்குக் கொண்டு போனாள். தலையை அண்ணாந்து தண்ணீரைக் குடித்தாள். குளிகை விரலிடுக்கிலேயே இருந்தது.

"நல்ல பிள்ள" என்றார் செயலாளர். நடு மாடியில் மாட்டிய லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தால் உள்ளிருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியுமே, அது அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் சட்டை மாற்றப் போனதும் அவள் புட்டியைக் கவிழ்த்து எண்ணினாள். ஏழு. கையிலிருப்பதைச் சேர்த்தால் எட்டு. அந்த மருந்தை ஏழு நாளைக்குப் பதினான்காகத்தான் தருவார்கள் என்பது அவளுக்கு உறக்கத்திலும் தெரியும். அப்படியானால் மீதி ஆறு?

பட்டையின் முன்னால் நின்றபோதும் அவள் மனம் அந்த ஆறில்தான் ஓடியது. அந்த மருந்து பல நோய்க்குக் கொடுப்பதுதான். முகப்பரு, காய்ச்சல், நெஞ்சுச் சளி. ஆனால் முகப்பரு வந்தவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு 'அம்மா' என்று அலற மாட்டார். சளி பிடித்தவர் உள்ளாடையை ஒளித்துக் காயப்போட மாட்டார். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு காலிக் குழி அவள் கண்ணுக்குத் தப்பி ஓடியது. பக்கத்தில் நின்றவள் அதை எடுத்துவிட்டு, "பூதக்கண்ணாடி, என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள்.

"சூடு" என்றாள் அவள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பொது மருத்துவமனையின் நீளமான நடையில் கடைசி அறை, பால்வினை நோய்ப் பிரிவு. வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை! ஒருவர் நண்பருக்காக வந்திருந்தார். இன்னொருவர் நண்பரின் நண்பருக்காக. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒருவர் பழைய செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். இவ்வளவு நல்ல நண்பர்கள் நிறைந்த ஊரில் எப்படித்தான் நோய் பரவுகிறதோ! சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை. வலியில்லாத புண் வந்து தானாக ஆறினாலும் உள்ளே நோய் ஆறாது, அது சிபிலிஸ் என்னும் மேகப்புண்ணாக இருக்கலாம், ரத்தம் சோதித்துப் பாருங்கள். கொப்புளம் வந்து வந்து போனால் காட்டுங்கள், அடியோடு போக்க முடியாவிட்டாலும் அடக்கி வைக்க மருந்து உண்டு. மரு இருந்தால் சொந்தமாகக் கிள்ளாதீர்கள். ஆணுறை அறைக்குள் இலவசம். நண்பர்கள் எல்லோரும் அந்த அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

மருத்துவர், அவளை விடச் சில வயது மூத்த பெண். மேசைமேல் வைத்த குளிகையைப் பார்த்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். முகம் சுளிக்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. அதுவே அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

"அவருக்குச் சிறுநீர் போறப்ப எரிச்சல், உள்ளாடைல கறை. ரெண்டும் இருந்தா பெரும்பாலும் வெட்டை நோய், அதான் கொனோரியாவா இருக்கும். கூடவே கிளமிடியான்னு இன்னொண்ணும் ஒட்டிக்கிட்டு வரும். ஆம்பளைக்கு நாலஞ்சு நாள்லயே கத்த வெச்சிடும். பொம்பளைக்கு அப்படி இல்லம்மா. பாதிப் பேருக்கு மேல ஒரு அறிகுறியும் தெரியாது. சிலருக்கு அடிவயித்து வலி, வாடையோட வெள்ளை, நடுவுல ரத்தம் படுறது. சத்தமே இல்லாம உள்ள போய்க் கருக்குழாய அடைச்சிட்டுப் போயிடும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"அதான் சொன்னேனே. இல்லைங்கிறது இல்லைன்னு ஆகாது. கடைசியா மாதவிலக்கு எப்போ வந்துச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு கணக்கைச் சொன்னாள். அதைக் கேட்ட முதல் ஆள் அந்த மருத்துவர்தான். சிறுநீர் எடுத்துவரச் சொன்னார். சிறிய பட்டையில் சொட்டு விட்டார். அவள் கண் அந்தப் பட்டையைவிட்டு அகலவில்லை. ஆயிரக்கணக்கில் அட்டைகளைப் பார்த்த கண். முதல் கோடு வந்தது. அது எப்போதும் வரும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மங்கலாக, சந்தேகமாக, பிறகு வெட்கம் விட்டுத் தெளிவாக, இரண்டாவது கோடும் வந்தது.

மருத்துவர் சிரிக்கவில்லை. முதலில் குளிகையைத்தான் தொட்டார். "இதை எத்தனை முழுங்கினீங்க?"

"ஒண்ணுகூட இல்ல."

"நிஜமா?"

"நிஜமா, டாக்டர். விரலிடுக்குல வெச்சுக்கிட்டேன்."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார் மருத்துவர். "வயித்துல பிள்ளை இருக்கிறப்ப இதைக் கொடுக்கிறதில்ல. உங்க வீட்டுக்காரர் சத்து கொடுத்த லட்சணம் இது."

ஒன்பது வருடம் காத்திருந்து வந்த உயிர்! அதற்கு அப்பன் செய்த முதல் உபசாரம்! பெஞ்சில் இருந்த நண்பர்களுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று அவள் வாய் விட்டு அழுதாள். மருத்துவர் அழ விட்டார். பிறகு வேலையைப் பார்த்தார். உள்ளே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தார், கையில் ரத்தம் எடுத்தார். "முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வீட்டுக்காரருக்கு நோய் வந்திருக்கு" என்று பிள்ளைக்குக் கெடுதல் செய்யாத ஊசி ஒன்றைப் போட்டு, வேறு மாத்திரையைக் கையிலேயே கொடுத்து, தன் கண் முன்னால் விழுங்க வைத்தார்.

"கவனிக்காம விட்டா குறைப்பிரசவம் ஆகலாம், பிறக்கிறப்ப குழந்தை கண்ணுல தொத்தலாம். சீக்கிரம் வந்துட்டீங்க, பயப்படாதீங்க. நாலு வாரம் கழிச்சு வாங்க, பார்க்கணும். மூணு மாசத்துல மறுபடி ஒரு தடவை, ரத்தமும் சேர்த்து. ஆனா ஒண்ணு. அவரு முழு மருந்தும் சாப்பிடணும். எரிச்சல் நின்னா நோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. ரெண்டு பேரும் மருந்து முடிச்சு ஏழு நாள் வரைக்கும் சேரக் கூடாது. இல்லன்னா அவரு உங்களுக்கு, நீங்க அவருக்குன்னு பந்து விளையாடிக்கிட்டே இருப்பீங்க. நடுவுல உங்க பிள்ளைதான் அடி வாங்கும்."

அன்று மாலை செயலாளர் வீட்டுக்கு வந்தபோது அவருடைய தலையணை வெளி அறைச் சோபாவில் கிடந்தது. தலையணையின் மேல் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. அவளுடைய கம்பெனியில் தேறிய சரக்குக்குப் பச்சை ஒட்டுவார்கள், கழித்ததற்குச் சிவப்பு. சந்தேகத்துக்கு உரியதை, மறுசோதனை முடியும் வரை யாரும் தொடாதபடி மஞ்சள் ஒட்டித் தனியே வைத்துவிடுவார்கள்.

"என்ன இது?"

"நீங்கதான்" என்றாள் அவள். மேசைமேல் எட்டுக் குளிகைகளை வரிசையாக வைத்தாள். "மீதி ஆறு எங்க?"

செயலாளர் முதலில் கோபப்பட்டார். பிறகு ஓட்டல் கழிப்பறையைச் சொன்னார். அது எடுபடாமல் போகவே ஓட்டல் துண்டைச் சொன்னார். லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வேலை பார்த்ததைச் சொன்னார். ஓட்டலில் இருந்த உயிரில்லாத பொருள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றிப் பார்த்தார்.

"துண்டு தனியா வந்துச்சா, சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்துச்சா?"

சங்கத்து அறிவிப்புக் கோப்புக்குள் ஒளித்து வைத்திருந்த மருத்துவச் சீட்டைத் தானாகவே எடுத்து நீட்டினார். போன வியாழக்கிழமைத் தேதி. 'மனைவியையும் அழைத்து வரவும்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

"அழைச்சிட்டு வரச் சொன்னாங்க. எப்படிடி உன்கிட்ட வந்து சொல்லுவேன்? மூணு நாள்லயே எனக்கு நல்லாயிடுச்சு. மிச்சம் வீணாப் போகுதே, நீயும் சாப்பிட்டா சரியாயிடும்னு…"

"ஆக, ஆளுக்குப் பாதி."

"நல்ல மனசோடதான் செஞ்சேன்!"

இதுதான் அவள் நெஞ்சைப் பிளந்தது. வாழ்க்கையில் எதையும் பங்கு போட்டுக்கொள்ளாத மனிதர், நோயை மட்டும் முழுசாகக் கொடுத்துவிட்டு, மருந்தைப் பாதியாகப் பங்கு வைத்திருக்கிறார். அவருக்கும் தீராமல், அவளுக்கும் தீராமல்!

"உன் கால்ல விழுறேன். ஒரே ஒரு தடவை, சத்தியமா ஒரே தடவைதான். புத்தி கெட்டுப் போச்சு" என்று செயலாளர் தரையில் மண்டியிட்டார்.

"விழுங்க. அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல என்கூட வந்து மறுபடி ஊசி போட்டுக்கிட்டு, புதுசாப் பதினாலும் வாங்கிட்டு வந்து விழுங்க."

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு சோதனை நடந்தது. "வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்." கட்டடத்தையே அதட்டுகிற செயலாளர், சோபாவில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாக்கைத் தூக்கிக் காட்டினார். பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சள் ஒட்டிய சரக்கிடம் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. அக்காவும் வந்தாள். ஆனால் இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை, விசேஷம் கேட்கவில்லை. முந்தின நாளே தம்பி தொலைபேசியில் முந்திக்கொண்டு அழுதிருந்தார்.

"என்னடி அநியாயம் இது! மருந்துக் கம்பெனில பத்துப் பேரோட பழகி எந்த வியாதியையோ நீ தேடிக்கிட்டு வருவ, என் தம்பி சோபால படுக்கணுமா? தங்கமான பிள்ளடி அவன்! பள்ளிக்கூடத்துல நல்லொழுக்கப் பரிசு வாங்கினவன்!"

அவள் கணவருடைய மருத்துவச் சீட்டை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள். தன்னுடைய சீட்டையும் பக்கத்தில் வைத்தாள். "தேதியப் பாருங்க அண்ணி. யாரு முதல்ல போனதுன்னு பாருங்க."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு சோபாவின் பக்கம் திரும்பினாள்.

"டேய்."

செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"டேய், அங்க என்னடா தொங்குது? என்னப் பாரு. இந்தத் தேதிக்கு நீயே போய்ச் சீட்டு வாங்கிட்டு, நேத்து என்கிட்ட அவகிட்டருந்து ஒட்டிக்கிச்சுன்னு அழுதியா?"

"அக்கா, சூடுன்னுதான் முதல்ல நினைச்சேன்…"

"சூடாம் சூடு! அந்தப் பரிசக் கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வாடா, பரதேசி! எந்திரிச்சுக் கீழ போ. நான் சொல்ற வரைக்கும் மேல வராத."

ஊரையே மேலும் கீழும் அனுப்புகிறவர், லிஃப்டுக்காகக்கூடக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

வீடு அமைதியாயிற்று. இரண்டு பெண்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் நாத்தனாருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை. தலை சுற்றியது. கை தானாக அடிவயிற்றில் போய்ப் படிந்தது. அக்கா அதையும் பார்த்தாள், மறுபடி சீட்டையும் பார்த்தாள். வசவுக்கு வாயைத் திறப்பாள் என்று இவள் காத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இந்தச் சூடு வரும்" என்றாள் அக்கா, யாரோ பக்கத்து வீட்டு ஆளைப் பற்றிச் சொல்கிற குரலில். "உதிரி பாகம் விக்க ஊர் ஊராப் போறாரா. வருஷத்துக்கு ரெண்டு தடவை. கடைல சொல்லி மூணு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்குவாரு. நின்னுடும்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன? எனக்கு ஒண்ணுமில்ல." சீட்டை மடித்தாள், பிரித்தாள். "அடிவயித்துல ஒரு வலி. ரெண்டு வருஷமா. வயசாகுதில்ல, இருக்கும்னாரு. நானும் இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில், "வாடை வேற வருதுடி. யார்கிட்டப் போய்ச் சொல்ல?" என்றாள்.

நூற்றுச் சொச்சம் ஞாயிறாக அவளைக் குத்திய வாய் நடுங்கிக்கொண்டிருந்தது. திருப்பிக் குத்த இதைவிட நல்ல நாள் வராது. 'என்ன அண்ணி, உங்க வீட்ல ஏதாவது விசேஷமா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வார்த்தை தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"அது வேற எதாவும் இருக்கலாம் அண்ணி. பார்த்தாத்தான் தெரியும். அந்த நோயாவே இருந்தாலும் மருந்து இருக்கு. பழசானதுன்னா நாள் கூடச் சாப்பிடணும், அவ்வளவுதான். அவரும் சேர்ந்து சாப்பிடணும். அந்த டாக்டர் திட்ட மாட்டாங்க."

"அங்க என்னன்னு சொல்றது?"

"நிறையப் பேரு நண்பருக்காகன்னு சொல்றாங்க. நீங்க உங்களுக்காகன்னே சொல்லுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. காலண்டரின் போன மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அவள் நடையையும் கடைசி அறையையும் எழுதிக் கொடுத்தாள். மருத்துவர் உட்காரும் கிழமைகளையும் எழுதினாள். அக்கா அந்தத் தாளை எட்டாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், முன்பக்கத்தில் ஒரு தேதியைச் சுற்றி மெல்லிய பென்சில் வட்டம் தெரிந்திருக்கும்.

எழுந்து வாசல் வரை போனாள். படியில் நின்று, எதையோ கேட்கப் போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வந்துவிட்டது, அந்தக் கேள்வி வரப் போகிறது.

வரவில்லை. அக்காவின் கண் அவள் கை இருந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டது.

"அவனக் கொஞ்ச நாள் சோபாலயே போடு. முழு மாத்திரையும் தின்னு முடிக்கட்டும்" என்றாள். "நாளைக்கு நீயும் என்கூட வா. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

அவள் வழக்கம் போலக் கதவைச் சாத்த எழுந்தாள்.

"நீ உக்காரு" என்று கையமர்த்தினாள் அக்கா. வெளியே போய், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, சத்தம் வராமல் தானே கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.